ஒரே மேட்ச்சில் 100 பாயின்ட்... ஆனா வீடியோ கிடையாது! யார் இந்த வில்ட் சேம்பர்லெய்ன்?

கிரிக்கெட்டில் பிராட்மேனின் 99.94 சராசரி மாதிரி, பேஸ்கட்பாலில் யாருமே தொட முடியாத ஒரு எண் இருக்கிறது. அது 100. ஒரே ஆட்டத்தில், ஒரே வீரர், 100 பாயின்ட். 1962 மார்ச் 2-ம் தேதி, வெள்ளிக்கிழமை இரவு, அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஹெர்ஷி என்ற சின்ன ஊரில் இது நடந்தது.

இதில் ஆச்சரியம் என்னன்னா, அந்த மேட்ச்சை டிவியில் காட்டவே இல்லை. வீடியோ கிடையாது. அரங்கத்தில் இருந்தவர்கள் 4,124 பேர்தான், பாதி சீட் காலி. மிஞ்சியிருப்பது சில போட்டோக்கள், நான்காவது குவார்ட்டரின் ரேடியோ வர்ணனை, அப்புறம் ஒரு ஸ்கோர் தாள். அந்தத் தாளின் உச்சியில் இருக்கும் பெயர் வில்ட் சேம்பர்லெய்ன்.

அந்த ஒரு இரவு அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. தனக்காக மட்டும் ஆடுபவர் என்ற கெட்ட பெயரையும் சேர்த்து ஒட்டிவிட்டது. அதைக் கழுவ அவருக்குப் பல வருஷம் பிடித்தது.

நிமோனியாவில் தப்பிய பையன்

1936 ஆகஸ்ட் 21-ம் தேதி பிலடெல்பியாவில் பிறந்தார் வில்ட். அப்பா வெல்டர், அம்மா வீட்டு வேலைக்குப் போனவர். வீடு நிறைய பிள்ளைகள். சின்ன வயதில் நிமோனியா வந்து உயிர் பிழைப்பதே பெரும்பாடாகி, ஒரு வருஷம் பள்ளிக்கூடமே போக முடியவில்லை.

அந்தப் பையன்தான் பிறகு 7 அடி 1 அங்குலம் வளர்ந்தார். வாசல் நிலை தலையில் இடிக்காமல் குனிந்து குனிந்து போவதைப் பார்த்து நண்பர்கள் 'டிப்பர்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அதுவே 'பிக் டிப்பர்' ஆனது. இந்தப் பெயர் அவருக்குப் பிடிக்கும். ஆனால் பத்திரிகைக்காரர்கள் வைத்த 'ஸ்டில்ட்', அதாவது பொய்க்கால் கட்டை என்ற பட்டப்பெயர் அவருக்கு அறவே பிடிக்காது.

ஓவர்புரூக் உயர்நிலைப் பள்ளிக்காக மூன்று சீசன் ஆடினார். அந்த மூன்று வருஷத்தில் அணி தோற்றது வெறும் 3 மேட்ச். 1955-ல் ஒரு பள்ளி ஆட்டத்தில் மட்டும் 90 பாயின்ட் போட்டார். அமெரிக்கா முழுக்க இருந்து கல்லூரிகள் அவரைத் தேடி வந்தன. அவர் தேர்ந்தெடுத்தது கேன்சஸ் பல்கலைக்கழகம்.

கேன்சஸில் கிடைத்த அடி

பிலடெல்பியாவில் வளர்ந்தவருக்குக் கேன்சஸ் வேறு உலகமாக இருந்தது. கறுப்பினத்தவருக்கு உணவகங்களில் முன்பக்கம் இடம் கிடையாது. இது தெரிந்ததும் அவர் ஊரில் இருந்த கடைகளுக்கு ஒவ்வொன்றாகப் போய் உட்கார ஆரம்பித்தார். ஊரே கொண்டாடும் விளையாட்டு வீரரை எழுந்து போகச் சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை. ஆனால் டல்லாஸில் நடந்த போட்டியில் கூட்டத்திலிருந்து வந்த நிறவெறி வசைகளை அவரால் தடுக்க முடியவில்லை.

1957 கல்லூரி சாம்பியன்ஷிப் இறுதிப் போட்டியில் கேன்சஸ், வடக்கு கரோலினாவிடம் தோற்றது. மூன்று கூடுதல் நேர ஆட்டத்துக்குப் பிறகு, 54-53 என்று ஒரே ஒரு பாயின்ட்டில். எதிரணியின் பயிற்சியாளர் பிராங்க் மெக்வயர் ஒரு குறும்பு செய்தார். ஆட்டம் தொடங்கும் ஜம்ப் பாலுக்கு வில்ட்டை எதிர்த்துக் குதிக்க, 6 அடிகூட இல்லாத தன் வீரர் ஒருவரை அனுப்பினார். அந்தத் தொடரின் சிறந்த வீரர் விருது தோற்ற அணியின் வில்ட்டுக்குத்தான் கிடைத்தது. இருந்தாலும், முக்கியமான மேட்ச்சில் தோற்பவர் என்ற பேச்சு அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது.

இந்த மெக்வயர் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மறுபடியும் வருவார்.

படிப்பை முடிக்காமல் 1958-ல் கேன்சஸை விட்டு வெளியேறினார். கூடப் படிப்பவர்கள் பட்டம் வாங்கும்வரை என்பிஏ-வில் சேரக் கூடாது என்பது அன்றைய விதி. அதனால் ஒரு வருஷம் ஹார்லெம் குளோப்டிராட்டர்ஸ் என்ற வித்தை காட்டும் அணியில் ஆடினார். 1959-ல் அந்த அணியோடு மாஸ்கோ வரைக்கும் போய்வந்தார்.

முதல் வருஷமே முதலிடம்

1959-ல் பிலடெல்பியா வாரியர்ஸ் அணியில் சேர்ந்தார். முதல் சீசனிலேயே மேட்ச்சுக்குச் சராசரி 37.6 பாயின்ட், 27 ரீபவுண்ட். சிறந்த புதுமுகம், மிகச் சிறந்த வீரர் என்ற இரண்டு விருதுகளும் ஒரே வருஷத்தில். 1960 நவம்பரில் பாஸ்டன் செல்டிக்ஸ் அணிக்கு எதிராக ஒரே மேட்ச்சில் 55 ரீபவுண்ட் எடுத்தார். எதிரே நின்றவர் பில் ரஸல். ரீபவுண்ட் எடுப்பதில் உலகமே மெச்சிய ஆள்.

1961-ல் வாரியர்ஸுக்குப் புதுப் பயிற்சியாளர் வந்தார். அதே பிராங்க் மெக்வயர். வில்ட்டை ஒரு நிமிஷம்கூட பெஞ்சில் உட்கார வைக்கக் கூடாது என்பது அவர் போட்ட கணக்கு. பந்து எப்போதும் வில்ட்டுக்குத்தான் போக வேண்டும்.

அந்த சீசனின் எண்களை இன்று படித்தாலும் அச்சுப்பிழையோ என்று தோன்றும். 80 மேட்ச்சில் 4,029 பாயின்ட், சராசரி 50.4. ஒரு மேட்ச் 48 நிமிஷம்தான், ஆனால் வில்ட் களத்தில் இருந்த சராசரி நேரம் 48.5 நிமிஷம். எப்படி? கூடுதல் நேர ஆட்டங்களையும் சேர்த்ததால். சீசன் முழுக்க அவர் வெளியே உட்கார்ந்தது 8 நிமிஷத்துச் சொச்சம். அதுவும் நடுவரோடு சண்டை போட்டு வெளியேற்றப்பட்ட ஒரே ஒரு மேட்ச்சில்.

டிசம்பரில் லேக்கர்ஸுக்கு எதிராக மூன்று கூடுதல் நேரம் போன ஆட்டத்தில் 78 பாயின்ட். ஜனவரியில் சிகாகோவுக்கு எதிராக, கூடுதல் நேரம் இல்லாமலே 73. அப்போதே, இந்த ஆள் என்றைக்காவது 100 அடிப்பார் என்று பேச்சு இருந்தது.

ஹெர்ஷியில் அன்று என்ன நடந்தது?

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம். பிலடெல்பியா அணியின் ஹோம் மேட்ச் எதற்காக ஒரு சாக்லேட் தொழிற்சாலை ஊரில் நடந்தது? அன்றைய என்பிஏ இன்றைய என்பிஏ அல்ல. மொத்தமே 9 அணிகள், கூட்டம் சேராது, பணமும் இல்லை. அதனால் சில ஹோம் மேட்ச்களைச் சின்ன ஊர்களுக்குக் கொண்டுபோய் ரசிகர்களைப் பிடிக்கப் பார்த்தார்கள். அன்றைக்கு ஜனங்களை இழுக்க, அமெரிக்க கால்பந்து வீரர்களை வைத்து ஒரு காட்சி பேஸ்கட்பால் ஆட்டம்கூட முன்னதாக நடத்தினார்கள்.

எதிரணி நியூயார்க் நிக்ஸ். தடுமாறிக்கொண்டிருந்த அணி. அவர்களுடைய முதல் சென்டர் பில் ஜோர்டன் உடம்பு சரியில்லை என்று ஆடவில்லை. வில்ட்டைத் தடுக்கும் பொறுப்பு டாரல் இம்ஹாஃப் தலையில் விழுந்தது. பாவம், 20 நிமிஷத்தில் 6 ஃபவுல் ஆகி வெளியேறினார்.

வில்ட் அப்போது வசித்தது நியூயார்க்கில். ஹார்லெமில் ஒரு நைட் கிளப்பில் அவருக்குப் பங்கு இருந்தது. முந்தைய இரவு சரியாகத் தூங்காமல் ரயில் பிடித்து பிலடெல்பியா வந்து, அங்கிருந்து பஸ்ஸில் ஹெர்ஷி போய்ச் சேர்ந்தார். அப்படி வந்தவர்தான் முதல் குவார்ட்டரில் 23 பாயின்ட் போட்டார். இரண்டாவதில் 18, மூன்றாவதில் 28. கணக்கு 69-க்கு வந்துவிட்டது.

அரங்க அறிவிப்பாளர் டேவ் ஜிங்காஃப் ஒவ்வொரு கூடை விழும்போதும் மொத்தத்தை மைக்கில் சொல்ல ஆரம்பித்ததும் கூட்டத்துக்கு விஷயம் புரிந்துவிட்டது. பந்தை வில்ட்டிடம் கொடு என்று ஒரே கூச்சல்.

நான்காவது குவார்ட்டர் உண்மையில் பேஸ்கட்பாலாகவே இல்லை. தங்கள் மேல் 100 விழுந்துவிடக் கூடாது என்று நிக்ஸ் வீரர்கள் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நேரத்தை ஓட்டினார்கள். வில்ட்டுக்குப் பந்து போவதற்குள் மற்ற வாரியர்ஸ் வீரர்களை ஃபவுல் செய்தார்கள். வாரியர்ஸும் சும்மா இல்லை. பந்து சீக்கிரம் திரும்பக் கிடைக்கட்டும் என்று நிக்ஸ் வீரர்களை வேண்டுமென்றே ஃபவுல் செய்தார்கள். யார் ஜெயிப்பார் என்ற கேள்வி எப்போதோ முடிந்துபோயிருந்தது.

98-ல் நின்றது கணக்கு. வில்ட் வீசினார், விழவில்லை. டெட் லக்கன்பில் ரீபவுண்ட் எடுத்துத் திரும்பக் கொடுத்தார். மறுபடியும் தவறியது. மறுபடியும் லக்கன்பில் பிடித்து ஜோ ரக்லிக்கிடம் தர, அவர் உயர்த்திப் போட்ட பந்தை வாங்கி வில்ட் கூடையில் போட்டார். கடிகாரத்தில் மிச்சம் 46 விநாடி.

கூட்டம் களத்துக்குள் ஓடிவந்தது. அந்த மிச்சம் 46 விநாடி ஆடப்பட்டதா, அப்படியே மேட்ச் முடிந்ததா என்பதில் அங்கே இருந்தவர்களே இரண்டு விதமாகச் சொல்லியிருக்கிறார்கள்.

ஸ்கோர் தாள் சொல்லும் கதை

இறுதி ஸ்கோர் வாரியர்ஸ் 169, நிக்ஸ் 147. இதில் வில்ட்டின் வரியைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும்.

63 முறை கூடையை நோக்கி வீசினார், 36 விழுந்தது. ஒவ்வொன்றுக்கும் 2 பாயின்ட் என்றால் 72. மூன்று பாயின்ட் கோடு அப்போது கிடையாது, என்பிஏ-வில் அது வந்ததே 1979-ல்தான். ஃப்ரீ த்ரோ 32-ல் 28. ஆக மொத்தம் 100. கூடவே 25 ரீபவுண்ட், 2 அசிஸ்ட். 48 நிமிஷமும் களத்தில்.

இதில் அதிசயம் 36 இல்லை, அந்த 28. ஏன்னா ஃப்ரீ த்ரோதான் வில்ட்டின் பெரிய பலவீனம். வாழ்நாள் முழுக்க எடுத்த ஃப்ரீ த்ரோக்களில் பாதியைக் கொஞ்சம் தாண்டித்தான் போட்டார், 51.1 சதவீதம். ஆனால் அந்த சீசனில் அவர் ஒரு புது முறைக்கு மாறியிருந்தார். பந்தை இரண்டு கையாலும் முழங்காலுக்கு நடுவே தாழ்த்திப் பிடித்து, கீழிருந்து மேலே வீசுவது. பார்க்கச் சிறுபிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கும், ஆனால் பலன் கொடுத்தது. சீசன் சராசரி 61 சதவீதத்துக்கு ஏறியது, ஹெர்ஷியில் 87.5 சதவீதம்.

அப்புறம் அந்த முறையை அவரே விட்டுவிட்டார். அப்படி வீசுவது ஆண்பிள்ளைத்தனமாக இல்லை என்று கூச்சமாக இருந்ததாகவும், அது முட்டாள்தனம் என்று தெரிந்தே விட்டதாகவும் பின்னாளில் சுயசரிதையில் ஒப்புக்கொண்டார். சில வருஷம் கழித்து 1967-68 சீசனில் அவருடைய ஃப்ரீ த்ரோ 38 சதவீதத்துக்கு விழுந்தது. உலகத்திலேயே பலசாலியான விளையாட்டு வீரர், நாலு பேர் சிரிப்பார்களே என்று பயந்து கைக்கு வந்த வித்தையைக் கைவிட்டார்.

தாளில் மற்ற பெயர்களும் கவனிக்க வேண்டியவை. கை ராட்ஜர்ஸ் 20 அசிஸ்ட் கொடுத்தார். அல் ஆட்டில்ஸ் எடுத்த 8 ஷாட்டில் 8-ம் விழுந்தது, 17 பாயின்ட். ஒன்றுகூடத் தவறாத மேட்ச், வேறு எந்த நாளாக இருந்தாலும் அவரைப் பற்றிப் பேசியிருப்பார்கள். பால் அரிசினும் டாம் மெஷரியும் ஆளுக்கு 16. யார்க் லரீஸ் 9. ரக்லிக் கணக்கில் பாயின்ட் பூஜ்யம், ஆனால் 100-வது பாயின்ட்டுக்கான அசிஸ்ட் அவர் பெயரில் எழுதப்பட்டிருக்கிறது.

நிக்ஸ் பக்கமும் சும்மா இல்லை. ரிச்சி கெரின் 39, கிளீவ்லேண்ட் பக்னர் 33, வில்லி நால்ஸ் 31. மூன்று பேர் 30-ஐத் தாண்டியும் அணி 22 பாயின்ட்டில் தோற்றது.

அந்தப் பிரபலமான போட்டோ

வில்ட் உட்கார்ந்து, '100' என்று எழுதிய ஒரு தாளைப் பிடித்திருக்கும் படத்தைப் பார்த்திருப்பீர்கள். அந்த எண்ணை எழுதியவர் ஹார்வி பொல்லாக். வாரியர்ஸின் விளம்பரப் பொறுப்பாளர் அவர்தான், புள்ளிவிவரம் எழுதியதும் அவர்தான், அன்றைக்குப் பத்திரிகைக்கும் செய்தி ஏஜென்சிகளுக்கும் செய்தி அனுப்பியதும் அவரே. நியூயார்க் பத்திரிகையாளர்கள் ஒருவர்கூட ஹெர்ஷிக்கு வரவில்லை. படம் எடுத்த பால் வாதிஸும் வேலைக்காக வந்தவர் இல்லை. ஏபி நிறுவனப் போட்டோகிராபரான அவர் அன்று மகனைக் கூட்டிக்கொண்டு மேட்ச் பார்க்க வந்திருந்தார். விஷயம் பெரிதாவதைப் பார்த்துக் காருக்கு ஓடிப்போய் கேமராவை எடுத்துவந்தார்.

மேட்ச் முடிந்து வில்ட் நியூயார்க் திரும்பியது நால்ஸின் காரில், தான் 100 அடித்த அதே நிக்ஸ் வீரர்களோடு. இரண்டு நாள் கழித்து மேடிசன் ஸ்கொயர் கார்டனில் இரண்டு அணிகளும் மறுபடி மோதின. இம்ஹாஃப் இந்த முறை வில்ட்டை 58-ல் நிறுத்தினார். அதற்கு ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்!

100 அடித்தும் ஏன் விமர்சனம்?

அந்த சீசனின் மிகச் சிறந்த வீரர் விருது வில்ட்டுக்குக் கிடைக்கவில்லை. சராசரி 50 பாயின்ட் எடுத்தவரை விட்டுவிட்டு, வீரர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தது பில் ரஸலை. காரணம், ரஸலின் செல்டிக்ஸ் ஜெயித்துக்கொண்டே இருந்தது. அந்த வருஷ பிளேஆஃபிலும் வாரியர்ஸ் 7-வது மேட்ச்சில் 109-107 என்று செல்டிக்ஸிடம் தோற்றது. இரண்டே இரண்டு பாயின்ட்.

ரஸல் அணிக்காக ஆடுகிறார், வில்ட் தன் கணக்குக்காக ஆடுகிறார் என்று ஒரு கதை உருவாகிவிட்டது. ஹெர்ஷியின் கடைசிக் குவார்ட்டர் அதற்கு வசதியான சாட்சி. இந்தக் குற்றச்சாட்டில் பாதிதான் நியாயம். பந்தை வில்ட்டுக்கே கொடு என்பது பயிற்சியாளர் போட்ட திட்டம், டிக்கெட் விற்க வேண்டிய அணியும் அதைத்தான் விரும்பியது. ரஸலுக்குப் பக்கத்தில் நின்ற ஆட்கள் யார், வில்ட்டுக்குப் பக்கத்தில் யார் என்றும் பார்க்க வேண்டும்.

நிஜத்தில் இரண்டு பேரும் நண்பர்கள். பாஸ்டன் அணி பிலடெல்பியா வந்தால் ரஸல் வில்ட்டின் அம்மா வீட்டில் நன்றி தெரிவிக்கும் நாள் விருந்து சாப்பிடுவார். 1965-ல் வில்ட்டின் சம்பளம் 1 லட்சம் டாலர் என்றதும், ரஸல் கேட்டு வாங்கியது 1,00,001 டாலர்.

அவரைக் கட்டுப்படுத்த லீக்கே விதிகளை மாற்ற வேண்டியிருந்தது. கூடைக்கு முன்னால் இருக்கும் பகுதியின் அகலத்தை 1964-ல் 12 அடியிலிருந்து 16 அடியாக்கினார்கள்.

ஆட்டத்தை மாற்றிக்கொண்ட வில்ட்

வாரியர்ஸ் 1962-ல் சான் பிரான்சிஸ்கோவுக்குப் போனது. வில்ட் 1965-ல் பிலடெல்பியா 76ஸ் அணிக்கு மாறி ஊர் திரும்பினார். அங்கே 1966-67 சீசனில் பயிற்சியாளர் அலெக்ஸ் ஹானம், குறைவாக வீசு, நிறையப் பந்து கொடு என்றார். வில்ட் கேட்டுக்கொண்டார். சராசரி 24.1-க்கு இறங்கியது. அணி 68 மேட்ச் ஜெயித்து, 13 மட்டும் தோற்று, வழியில் செல்டிக்ஸையும் சாய்த்து சாம்பியன் ஆனது. அடுத்த சீசனில் வில்ட் 702 அசிஸ்ட் கொடுத்து லீக்கிலேயே முதலிடம் பிடித்தார். ஒரு சென்டர் இதைச் செய்தது அதுவரை யாரும் பார்க்காதது. தன்னால் இதுவும் முடியும் என்று காட்டத்தான் செய்தார் என்று சொல்பவர்களும் உண்டு. அப்படியே இருக்கட்டும், அணிக்கு நஷ்டமில்லையே.

1968-ல் லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ். 1969 இறுதிப் போட்டியின் 7-வது மேட்ச்சில் முழங்கால் அடிபட்டு வெளியே வந்தார். திரும்ப ஆடத் தயார் என்றபோது பயிற்சியாளர் அனுப்பவில்லை. லேக்கர்ஸ் 108-106 என்று தோற்றது. மறுபடியும் அதே இரண்டு பாயின்ட், மறுபடியும் ரஸல். அந்த மேட்ச்சோடு ஓய்வுபெற்ற ரஸல், வில்ட் பாதியில் வெளியேறியதைப் பொதுவில் விமர்சித்தார். விருந்து சாப்பிட்ட நண்பர்கள் சுமார் 20 வருஷம் பேசிக்கொள்ளவில்லை. பிறகு ரஸல் வருத்தம் தெரிவித்து, சமாதானமானார்கள்.

1971-72-ல் லேக்கர்ஸ் தொடர்ச்சியாக 33 மேட்ச் ஜெயித்தது. இறுதிப் போட்டியில் எதிரணி யார் தெரியுமா? நிக்ஸ். கையில் எலும்பு முறிவோடு கடைசி மேட்ச்சை ஆடி, கோப்பையோடு இறுதிப் போட்டியின் சிறந்த வீரர் விருதும் வாங்கினார் 35 வயது வில்ட்.

1973-ல் ஓய்வு. மொத்தம் 31,419 பாயின்ட், 23,924 ரீபவுண்ட். 1,045 லீக் மேட்ச் ஆடியும் ஒன்றில்கூட 6 ஃபவுல் ஆகி வெளியேறியதில்லை. இவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு இதைச் செய்வது லேசில்லை.

கடைசி வருடங்கள்

பிறகு வாலிபாலில் இறங்கினார், 1984-ல் அர்னால்டோடு 'கோனன் தி டெஸ்ட்ராயர்' படத்தில் நடித்தார். 1991-ல் வந்த புத்தகத்தில் தன் காதல் வாழ்க்கை பற்றி 20,000 என்ற ஒரு எண்ணைச் சொல்லப்போய், சாதனைகளை விட அதைப் பற்றியே எல்லோரும் பேசும்படி ஆனது. எண்கள் அவரை விடவே இல்லை. அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

கேன்சஸ் பக்கம் அவர் பல வருஷம் போகாமல் இருந்தார். 1957 தோல்விக்குத் தன்னையே காரணம் சொல்வார்கள் என்ற நினைப்பு. 1998-ல் பல்கலைக்கழகம் அவருடைய ஜெர்சிக்கு மரியாதை செய்ய அழைத்தபோது, பழைய கல்லூரி ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு போனார். அரங்கமே எழுந்து நின்றது.

1999 அக்டோபர் 12-ம் தேதி லாஸ் ஏஞ்சலிஸின் பெல் ஏர் வீட்டில் இதயச் செயலிழப்பால் இறந்தார். வயது 63. நினைவுக் கூட்டத்தில் பேசியவர்களில் ரஸலும் ஒருவர்.

நான்காவது குவார்ட்டர் ரேடியோ வர்ணனையை இன்று அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் பாதுகாத்து வைத்திருக்கிறது. 2006 ஜனவரியில் கோபி பிரயன்ட் டொராண்டோவுக்கு எதிராக 81 அடித்தபோது, எல்லோரும் மறுபடி தேடிப் பார்த்தது ஹெர்ஷி ஸ்கோர் தாளைத்தான்.

அப்போ அந்தப் பந்து? கூட்டம் களத்துக்குள் ஓடியபோது உள்ளூர்ப் பையன் ஒருவன் எடுத்துக்கொண்டு ஓடிவிட்டான் என்று சொல்லப்படுகிறது. 2000-ல் அது ஏலத்துக்கு வந்து 5 லட்சம் டாலருக்கு மேல் போனது. ஆனால் 100-வது பாயின்ட் விழுந்ததும் அந்தப் பந்தை எடுத்து வைத்துவிட்டார்கள், பையன் கொண்டுபோனது அதற்குப் பிறகு வந்த மாற்றுப் பந்து என்று சந்தேகம் கிளம்பியது. ஏலம் நிறுத்தப்பட்டு, மறுபடி விற்றபோது அதில் ஒரு சின்னப் பங்கு விலைதான் கிடைத்தது.